மொண்டிசோரி அம்மையாரும் மன்னார் மழலைகளும்

தலைமன்னார் தொடக்கம் முருங்கன் வரையிலும், எருக்கலம்பிட்டியிலும் சிலாவத்துறையிலும், சின்னஞ்சிறு பிள்ளைகள் செல்லும் இடத்தைப் பெயர்ப்பலகையில் முன்பள்ளி என்று எழுதினாலும் எமது மக்கள் வாய்மொழியாக மொண்டிசூரி என்றே அழைக்கின்றனர். பிள்ளையை மொண்டிசூரிக்கு விட்டாயிற்றா என்று தாய்மார் ஒருவரையொருவர் விசாரிப்பது வழக்கம். ஒரு மனிதரின் பெயர் ஒரு நாட்டில் பொதுப்பெயராகிவிடுவது அபூர்வமான பேறு. அப்பெயருக்குரியவர் யார், எதற்காகப் பாடுபட்டார் என்பதோ அநேகமாக மறக்கப்பட்டுவிட்டது. கூப்பிடு தூரத்தில் கடல் இருக்க, கழுத்துப்பட்டியும் சப்பாத்தும் அணிந்து சீமெந்துத் தரையில் அமர்ந்து, ஒரே எழுத்தைப் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருக்கும் மூன்றரை வயதுப் பிள்ளையைக் கண்டிருந்தால் அந்த அம்மையார் என்ன நினைத்திருப்பார் என்பதை அவரது வாழ்க்கையே எமக்கு உணர்த்தும்.

மரியா மொண்டிசோரி 1870 ஓகஸ்ட் 31 ஆம் திகதி இத்தாலியின் அங்கோனா நகருக்கு அண்மையிலுள்ள கியாரவாலே என்ற சிற்றூரில் பிறந்தார். பொறியியல் கற்கும் எண்ணத்துடன் ஆண்பிள்ளைகளுக்குரிய தொழில்நுட்பப் பாடசாலையிற் சேர்ந்தவர், பின்னர் மருத்துவத்தின்பால் ஈர்க்கப்பட்டார். பெண்கள் மருத்துவம் பயில்வது விரும்பப்படாத காலம் அது. ஆண் மாணவருடன் ஒரே அறையில் நின்று சடலத்தை அறுத்துப் பயில்வது முறையல்லவென்று, மற்றவர்கள் சென்றபின் மாலை வேளைகளில் தனியாகவே அப்பயிற்சியை அவர் செய்ய நேர்ந்தது. 1896 இல் ரோம் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். இத்தாலியின் முதற் பெண் மருத்துவர்களுள் ஒருவராக அவர் எண்ணப்படுகின்றார்.

உளவளர்ச்சிக் குறைபாடுடைய பிள்ளைகளை மனநோயாளருடன் அடைத்துவைத்திருந்த விடுதிகளில்தான் அவரது கல்விச் சிந்தனை தொடங்கியது. கையாற் பற்றுவதற்கும் தொட்டுணர்வதற்கும் ஒன்றுமில்லாத வெற்றறையில் அப்பிள்ளைகள் மேலும் மங்கிப்போவதை அவர் கண்டார். மருந்தைவிட அவர்களுக்கு வேண்டியது கைக்கு வேலை என்ற முடிவுக்கு வந்தார்.

இக்காலத்தில் அவரது சொந்த வாழ்விலும் ஒரு துயரம் நிகழ்ந்தது. 1898 இல் அவருக்கு மரியோ என்ற மகன் பிறந்தான். திருமணமாகாத தாயொருத்தி பொதுப்பணியில் நீடிக்க இடமில்லாத சமூகம் அது. குழந்தை கிராமத்துக் குடும்பமொன்றிடம் ஒப்படைக்கப்பட்டது. ஊரார் பிள்ளைகளுக்காக உழைத்த அந்தத் தாய், தன் பிள்ளையைத் தன்னுடன் வைத்துக்கொள்ளப் பதினைந்து ஆண்டுகள் வரை காத்திருந்தார்.

1907 ஜனவரி 6 ஆம் திகதி ரோம் நகரின் சான் லொரென்சோ என்ற வறிய குடியிருப்பில் முதலாவது சிறுவர் இல்லம் திறக்கப்பட்டது. இது கல்விக்காகத் தோன்றிய ஏற்பாடு அன்று என்பதைப் பலர் அறியார். தாயும் தந்தையும் கூலிவேலைக்குச் சென்றபின் ஏறக்குறைய ஐம்பது சிறுவர்கள் மாடிப்படிகளிலும் சுவர்களிலும் செய்த அட்டகாசத்திலிருந்து கட்டடத்தைக் காப்பாற்றுவதே உரிமையாளரின் நோக்கம். குறும்புக்காரப் பிள்ளைகளை ஓரிடத்தில் இருத்திவைக்க ஒருவரைத் தேடினார்கள். அகப்பட்டவரோ பிள்ளைகளை அசையவிட்ட அம்மையார்.

ஆணியடித்துப் பொருத்திய வாங்குகளை அவர் ஏற்கவில்லை. பிள்ளை தானே தூக்கக்கூடிய சிறு கதிரைகளைச் செய்வித்தார். உடையும் பீங்கானையும் கண்ணாடிக் குவளையையும் பிள்ளைகளின் கையிற் கொடுத்தார். கவனமின்றிக் கையாண்டால் பொருள் உடையும் என்பதை ஆசிரியையின் அதட்டலைவிட அப்பொருளே செவ்வையாகக் கற்பிக்கும் என்பது அவர் துணிபு. நான்கு வயதுப் பிள்ளைகள் சூப் நிறைந்த பாத்திரத்தை ஏந்திச்சென்று தம் தோழருக்குப் பரிமாறினர். 1909 இல் வெளிவந்த தமது முதற்பெரும் நூலிலேயே இயற்கைக்கும் தோட்டவேலைக்கும் ஓர் அத்தியாயத்தை ஒதுக்கினார். வகுப்பறையின் கதவு தோட்டத்தை நோக்கித் திறந்திருக்க வேண்டும், பிள்ளை விரும்பிய வேளையில் வெளியே போய்வர வேண்டும் என்பது அவர் வகுத்த ஏற்பாடு. மழை பெய்தால் பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தும் வழக்கத்தையும், தேங்கிய நீரில் கால்வைக்கக் கூடாதென்று தடுப்பதையும் பிற்காலத்தில் கண்டித்து எழுதினார். நடைபழகிய குழந்தை தன் வேகத்திற் சென்றால் நெடுந்தூரம் நடக்குமென்றும், அவசரப்படும் பெரியவர்களே அதைத் தூக்கிச்சென்று நடையைக் கெடுக்கின்றனர் என்றும் அவர் கருதினார்.

இங்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இன்று மேலைநாடுகளிற் பேசப்படும் துணிகர விளையாட்டு என்னும் கருத்தை அப்படியே அவர் தலையிற் கட்டுவது பொருந்தாது. விளையாட்டு என்ற சொல்லிலேயே அவருக்கு அவ்வளவு பற்றில்லை. பிள்ளையின் செயலை வேலை என்றே அழைத்தார். கற்பனைக் கதைகளையும் அவர் அதிகம் ஆதரித்தவரல்லர். இக்கட்டுரையாளருக்கு அந்தக் கண்டிப்பு சற்றுக் கடுமையாகவே படுகின்றது. ஆயினும் பிள்ளை தன் உடலைக் கொண்டு உலகை அளந்தறிய வேண்டும், இடறலும் அதன் பாடமே என்ற அடிப்படையில் அவர் கடைசிவரை மாறவில்லை.

அவரது புகழ் விரைவிற் பரவியது. முசோலினியின் அரசு தொடக்கத்தில் அவரை அரவணைத்தது; அவரும் அந்த ஆதரவைச் சில காலம் ஏற்றார் என்பதை மறைப்பதற்கில்லை. ஆனால் தானே சிந்திக்கும் பிள்ளையும் அணிவகுத்து நிற்கும் பிள்ளையும் ஒரே பள்ளியில் உருவாக முடியாது. 1934 இல் அவர் இத்தாலியை விட்டகன்றார். அங்கு அவரது பள்ளிகள் மூடப்பட்டன. ஜேர்மனியில் நாசிகளும் அவ்வாறே செய்தனர். 1936 இல் ஸ்பானிய உள்நாட்டுப் போர் மூண்டபோது பார்சிலோனாவிலிருந்து பிரித்தானியக் கப்பலில் தப்பி, முடிவில் நெதர்லாந்தில் அடைக்கலம் புகுந்தார்.

பிரம்மஞான சபைத் தலைவர் ஜோர்ஜ் அருண்டேலும் ருக்மிணி தேவியும் விடுத்த அழைப்பின் பேரில் 1939 நவம்பரில் அவரும் மரியோவும் சென்னை வந்து சேர்ந்தனர். சில மாதப் பயிற்சியொன்றை நடத்தித் திரும்புவதே திட்டம். அடையாற்றில் நடந்த அந்தப் பயிற்சியில் முந்நூறுக்கு மேற்பட்டோர் பங்குபற்றினர். 1940 ஜூனில் இத்தாலி போரிற் குதித்ததும் இருவரும் எதிரிநாட்டவராயினர். மரியோ அகமத்நகர் முகாமில் அடைக்கப்பட, அம்மையார் அடையாற்று வளவுக்குள்ளேயே இருக்கப் பணிக்கப்பட்டார். அவரது எழுபதாவது பிறந்தநாளான ஓகஸ்ட் 31 அன்று மகனை விடுவிக்கும் செய்தி வைஸ்ராயிடமிருந்து வந்தது. ஊர் எல்லையைத் தாண்ட அனுமதிச் சீட்டு, கடலில் இறங்க அனுமதிச் சீட்டு என்று ஒரு தலைமுறையையே கழித்த மன்னார் மக்களுக்கு அந்த வளவு வாழ்க்கையை விளக்கத் தேவையில்லை.

பின்னர் சுமார் ஈராண்டுகள் கொடைக்கானல் மலையில் வாழ அவர்களுக்கு இடமளிக்கப்பட்டது. அவரது வாழ்வின் மிகச் செழிப்பான காலம் அதுவே என்பது எமது கருத்து. பல்வேறு வயதுப் பிள்ளைகள் சேர்ந்து பயிலும் சிறு பள்ளியொன்று அங்கு நடந்தது. மலைச்சரிவின் செடிகொடிகளும் பூச்சிகளும் கற்களும் நீரோடைகளும் பாடப்பொருள்களாயின. ஒரு செடியிலிருந்து மண்ணுக்கும், மண்ணிலிருந்து மழைக்கும், மழையிலிருந்து சூரியனுக்கும் பிள்ளையின் வினா தானாக நகர்ந்துசெல்லும் கல்விமுறை அங்கேதான் விரிவு பெற்றது. அதனைப் பிரபஞ்சக் கல்வி என்று அவர் அழைத்தார். இப்பணியில் தாயுக்கும் மகனுக்கும் துணைநின்றவர் லீனா விக்கிரமரத்ன என்ற இலங்கைப் பெண்மணி. எமது நாட்டார் ஒருவர் இதிற் பெற்ற பங்கு எமது பாடப்புத்தகங்களில் இடம்பெறாதது வருந்தத்தக்கது. ஏறக்குறைய அதே வேளையில், 1943 இல், ஜேர்மனியரின் பிடியிலிருந்த டென்மார்க்கின் எம்ட்ரப்பில், பலகைத் துண்டும் பழைய சாமானும் கொண்டு பிள்ளைகள் தாமே கட்டியெழுப்பும் முதலாவது விளையாட்டுத் திடல் தொடங்கியது. போர்க்காலத்தில் பெரியோர் உலகை உடைத்துக்கொண்டிருக்க, இரு மூலைகளிற் சிறுவர்களுக்காக இப்படியும் சிலர் யோசித்திருக்கின்றனர்.

1944 இல் நடமாட்டக் கட்டுப்பாடு தளர, அம்மையார் இலங்கை வந்து பயிற்சி நெறியொன்றை நடத்தினார். தனுஷ்கோடியிற் கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கிக் கொழும்புக்கு ரயிலேறுவதே அன்று இரு நாடுகளுக்குமிடையே பயணஞ்செய்தோரின் வழக்கமான மார்க்கம். 1990 இல் நின்றுபோன தலைமன்னார் ரயில் 2015 இல் மீண்டும் ஓடத் தொடங்கியபோதிலும் கப்பல் திரும்பவில்லை. அம்மையார் மூட்டிய ஆர்வத்தினால் இந்நாட்டில் சிறுவர் பள்ளிகள் பெருகின. பெயர் வேரூன்றியது, தோட்டத்தை நோக்கித் திறந்த கதவு மட்டும் காலப்போக்கில் மூடிக்கொண்டது.

மன்னாரில் அக்கதவு மூடியதற்குப் பெற்றாரைக் குறைகூற எம்மால் இயலாது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் புத்தளத்தின் ஓலைக் கொட்டில்களிற் பிள்ளைகளை வளர்த்தன. தமிழ்க் குடும்பங்கள் மடுவிலும் மண்டபம் முகாமிலும் வளர்த்தன. 2009 இன் பின் திரும்பிய நிலத்தில் கண்ணிவெடி அபாயத்தைக் காட்டும் மண்டையோட்டுச் சின்னங்கள் நின்றன. பாதையை விட்டு ஓரடி விலகாதே என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்த தாய், வெடிகள் அகற்றப்பட்டபின் அந்தச் சொல்லையும் சேர்த்து அகற்றிவிடுவாள் என எதிர்பார்ப்பது எங்ஙனம்? அந்த அச்சம் இன்று வேறு வடிவில் வாழ்கின்றது. மரத்தில் ஏறாதே, மண்ணில் அளையாதே, கடலோரம் போகாதே. இந்தத் தடைகள் முதலில் விழுவதும் இறுக்கமாக விழுவதும் பெண்பிள்ளைகள் மீதுதான்.

பிள்ளையால் காணவும் அளக்கவும் முடியாத ஆபத்து வேறு. கண்முன் தெரியும் சிரமம் வேறு. கட்டில்லாத கிணறும், புதையுண்ட வெடியும், விரைந்தோடும் வாகனமும் முதல் வகை. அவற்றை அகற்றுவதும் தடுப்பதும் பெரியவர் கடன். அதில் விட்டுக்கொடுப்புக்கு இடமில்லை. தாழ்ந்த கிளையும், சறுக்கும் மணல்மேடும், கணுக்கால் அளவு நீரும் இரண்டாம் வகை. நோர்வே ஆய்வாளர் எலன் சன்ட்செட்டர் 2007 இல் இத்தகைய விளையாட்டை உயரம், வேகம், கருவி, நீர்நெருப்பின் அண்மை, மற்போர் போன்ற முரட்டுச் சேட்டை, தனியே அலைந்து வழிதேடல் என ஆறாக வகுத்தார். இவற்றை அளவோடு பழகும் பிள்ளைகளின் உடல்நலமும் கூடிப்பழகும் திறனும் மேம்படுகின்றன என்பதையே 2015 இல் வெளியான ஆய்வுத் தொகுப்பொன்றும் காட்டியது. பனங்காய் வண்டில் உருட்டிய, கிளித்தட்டு மறித்த எமது மூத்தோருக்கு இது புதுச்செய்தியாகத் தோன்றாது. மக்கத்துப் பெருங்குடியினர் கைக்குழந்தைகளைப் பாலைவனத்துச் செவிலித் தாயரிடம் அனுப்பித் திறந்தவெளிக் காற்றில் வளர்த்த மரபையும், நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் குழந்தைப் பருவம் ஹலீமா அம்மையாரின் கூடாரத்திற் கழிந்ததையும் முஸ்லிம் வாசகர்கள் நன்கறிவர்.

கொடைக்கானல் மலை எமக்கில்லை. ஆனால் மன்னார்த் தீவு தன்னளவில் ஒரு பள்ளிக்கூடம். பள்ளிமுனையில் அராபிய வணிகர் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் பெருக்கமரம் நிற்கின்றது. பத்துப் பிள்ளைகள் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத அதன் அடிமரத்தைத் தொட்டுப் பார்ப்பதே ஒரு பாடம். கடல் வற்றும் வேளையில் சேற்றுத் தரையில் நண்டின் வளையும் சிப்பியும் சாதாழையும் வெளிப்படும். மாரியில் வங்காலைக் களப்பில் பூநாரைகள் இறங்கும். தெருவில் திரியும் கழுதையின் அருகே எவ்வளவு தூரம் போகலாம் என்று கணிப்பதற்கும் அறிவு வேண்டும். இவற்றுக்குப் பணம் தேவையில்லை. இருபது பிள்ளைகளுடன் வெளியே செல்ல ஒருவருக்குப் பதிலாக இரு ஆசிரியைகள் தேவை. அவர்களுக்கு மரியாதையான சம்பளம் தேவை. முழங்காலிற் சிராய்ப்புடன் பிள்ளை வீடு திரும்பினால் மறுநாள் சண்டைக்கு வராத பெற்றாரும் தேவை. தரம் 5 புலமைப்பரிசிலை மூன்று வயதிலேயே கனவு காணும் வீட்டில் இம்மூன்றாவது தேவையே மிகக் கடினமானது.

போர் முடிந்தபின் 1946 இல் அம்மையார் ஐரோப்பா திரும்பினார். ஆனால் அடுத்த ஆண்டே மீண்டும் இந்தியா வந்தார். அவர் ஆற்றிய விரிவுரைகளின் தொகுப்பாகிய புகழ்பெற்ற நூலொன்று 1949 இல் சென்னையிலேயே அச்சேறியது. 1949 தொடக்கம் மூன்று ஆண்டுகள் நோபல் சமாதானப் பரிசுக்கு அவரது பெயர் முன்மொழியப்பட்டது, பரிசு கிட்டவில்லை. இறுதி நாட்களை நெதர்லாந்தின் நூர்ட்வைக் என்ற கடற்கரை ஊரிற் கழித்தார். அன்று தங்கக்கரை எனப்பட்ட கானா நாட்டுக்குச் சென்று ஆசிரியர்களைப் பயிற்றுவது பற்றி மகனுடன் பேசிக்கொண்டிருந்தார். எண்பத்தோராவது வயதில் அவ்வளவு தூரம் வேண்டாமென்று மகன் தடுத்துப் பார்த்தார். 1952 மே 6 ஆம் திகதி, அந்தப் பயணப் பேச்சு முடிந்த சிறிது நேரத்துக்குள், அவரது உயிர் பிரிந்தது.