வானில் தோட்டா மாற்றிய இளைஞன்

எனக்கு வயது இருபது. ஆங்கில விமானி ஆல்பர்ட் பால் மறைந்ததும் இருபதாம் வயதில்தான். அதனாலேயே அவர் வரலாறு என் நெஞ்சில் ஆழப் பதிந்தது.

1896 ஆகஸ்டு 14இல் நாட்டிங்ஹாம் நகரில் பிறந்தார். பிளம்பராக வாழ்வைத் தொடங்கி நகர மேயராகவே உயர்ந்தவர் அவர் தந்தை. முதல் உலகப் போரில் மகன் விமானப்படையில் சேர்ந்தார்.

அவருடைய நியூபோர்ட் விமானத்தில் லூயிஸ் துப்பாக்கி மேல் இறக்கையின்மீது அமைந்திருந்தது. சுழலும் முன்விசிறியில் படாமல் குண்டுகள் செல்ல வேண்டுமன்றோ! ஆனால் 47 தோட்டாக்கள் கொண்ட வட்டப்பெட்டி சில விநாடிகளிலேயே தீர்ந்துவிடும். உடனே வளைந்த தண்டின் வழியே துப்பாக்கியைக் கீழே இழுக்க வேண்டும். கட்டுப்பாட்டுக் கோலை முழங்கால்களால் இறுக்கிக்கொண்டு, சீறும் காற்றிலே காலிப்பெட்டியைக் கழற்றிப் புதியதைப் பொருத்த வேண்டும். அதுவரை எதிரி காத்திருப்பானா? பின்னர் 97 தோட்டாப் பெட்டி வந்தது. மாற்றும் வேலை குறைந்தது, ஆபத்து குறையவில்லை.

44 வெற்றிகள் பெற்ற அவ்வீரர், 1917 மே 7இல் பிரான்சில் விமானம் விழுந்து மாண்டார். விக்டோரியா சிலுவை பெற்றோர் கையில் வழங்கப்பட்டது.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை முதலில் மிதித்தவன் நான். பட்டத்தோடு நான் வீடு திரும்பும் நாளை எண்ணிக் காத்திருக்கிறார் என் தந்தை. மகனுக்குப் பதிலாகப் பதக்கம் பெற்ற அந்தத் தந்தையை நினைக்கையில், போரின் விலை எனக்குப் புரிகிறது.