ஆற்றின் நடுவே ஒரு பள்ளிக்கூடம்

எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்தால் 500 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. அமெரிக்காவின் மிசூரி மாநிலம் 1847ஆம் ஆண்டில் இப்படி ஒரு சட்டம் இயற்றியது. அடிமையாக இருந்தாலும் சரி, விடுதலை பெற்றவராக இருந்தாலும் சரி, கறுப்பினத்தவருக்கு யாரும் பள்ளி நடத்தக்கூடாது. பல்கலைக்கழகத்தில் அமெரிக்க வரலாற்றுப் பாடத்துக்காக இந்தச் சட்டத்தைப் படித்தபோது ஒரு மனிதரின் பெயர் கூடவே வந்தது. சட்டத்தை மறந்தாலும் அவரை மறக்க முடியவில்லை. அவர்தான் ஜான் பெர்ரி மீச்சம்.

1789இல் வெர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்தவர் மீச்சம். தச்சு வேலையும் பீப்பாய் செய்யும் வேலையும் அவருக்குக் கைவந்த தொழில்கள். வெடியுப்புக் குகையில் உழைத்துச் சேர்த்த காசைக் கொடுத்துத் தம்மையே விலைக்கு வாங்கி விடுதலை பெற்றார். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று, கிட்டத்தட்ட என் வயது. அடுத்துத் தந்தையை மீட்டார். தந்தை ஒரு பாப்டிஸ்ட் போதகர்.

ஆனால் அவருடைய மனைவி மேரி இன்னும் அடிமைதான். மேரியின் எசமானர் கென்டக்கியிலிருந்து மிசூரிக்குக் குடிபெயர்ந்தபோது மேரியையும் பிள்ளைகளையும் கூட்டிச் சென்றுவிட்டார். மீச்சம் பின்னாலேயே போனார். 1815இல் செயின்ட் லூயிஸ் நகரில் கால் வைத்தபோது அவர் கையில் இருந்தது மூன்று டாலர். அங்கே தச்சராகவும் பீப்பாய் செய்பவராகவும் உழைத்து, மனைவி மக்களை விலை கொடுத்து மீட்டார். குடும்பத்தை ஒவ்வொருவராகக் காசு கொடுத்து வாங்குவது என்பதை இரண்டு முறை படித்த பிறகுதான் அதன் முழுப் பொருள் எனக்கு உறைத்தது.

சில ஆண்டுகளில் ஜான் மேசன் பெக் என்ற வெள்ளையின பாப்டிஸ்ட் போதகர் செயின்ட் லூயிசுக்கு வந்தார். அவர் தொடங்கிய ஞாயிறு பள்ளிக்கு மீச்சம் துணை நின்றார். 1825இல் மீச்சமும் போதகராக நியமிக்கப்பட்டார். முதலாம் ஆப்பிரிக்க பாப்டிஸ்ட் சபை அவர் தலைமையில் இயங்கியது. உறுப்பினர்களில் பெரும்பாலோர் அடிமைகள்.

பாப்டிஸ்ட் சபைகளின் நடைமுறை ஒன்றை இங்கே சொல்லவேண்டும். ஒவ்வொரு சபையும் தன் காரியங்களைத் தானே முடிவு செய்துகொள்ளும். மேலே பேராயர் என்று யாரும் இல்லை. அதனால்தான் ஒரு பீப்பாய்த் தொழிலாளி போதகராக முடிந்தது. சபைக் கட்டடத்தின் நிலவறையில், யார் தயவும் இல்லாமல் ஒரு பகல்நேரப் பள்ளியையும் நடத்த முடிந்தது. ஞாயிறு பள்ளி வாரத்தில் ஒரு நாள்தான். எழுத்து கையில் படிவதற்கு அது போதாது.

அந்தப் பள்ளிக்கு மெழுகுவத்திப் பள்ளி என்ற பெயர் உண்டு. மெழுகுவத்தி என்றதும் நம் கண்முன் வருவது வெள்ளை மெழுகு. அங்கே எரிந்தது விலங்குக் கொழுப்பில் செய்த வத்தி. புகையும், வாடையும் வரும். அந்த வெளிச்சத்தில்தான் பிள்ளைகள் எழுத்துக் கூட்டிப் படித்தார்கள். வசதி உள்ளவர்கள் மாதம் ஒரு டாலர் கட்டணம் கொடுத்தார்கள். கொடுக்க முடியாதவர்களுக்கும் இடம் இருந்தது. விடுதலை பெற்ற பிள்ளைகளும் அடிமைப் பிள்ளைகளும் ஒன்றாக உட்கார்ந்தார்கள். அடிமைப் பிள்ளைகள் வருவதற்கு எசமானரின் சம்மதம் வேண்டும்.

இனி, படிக்கும்போது எனக்குச் சங்கடமாக இருந்த பகுதி. மீச்சமும் அடிமைகளை வாங்கினார். இருபது பேர் வரை இருக்கும். அவர்களைத் தம் பீப்பாய்த் தொழிற்கூடத்தில் சேர்த்து, தொழில் பழக்கி, தாம் கொடுத்த விலையை உழைத்து அடைத்ததும் விடுதலை அளித்தார். அவர் நினைத்த ஏற்பாடு அது. ஆனால் 1830களில் ஜூடி என்ற பெண்ணும் அவருடைய மகனும் விடுதலை கேட்டு மீச்சம் மீதே வழக்குத் தொடுத்து வென்றார்கள். அவரைப் போற்றும் கட்டுரைகள் பலவும் இதைத் தாண்டிப் போய்விடுகின்றன. எனக்கு அது சரியாகப் படவில்லை. விடுதலையைக்கூட விலைக்கு வாங்கவேண்டியிருந்த காலம் அது. நல்ல நோக்கத்தோடு வாங்கியவரும் சட்டத்தின் கண்ணில் எசமானர்தான். ஜூடிக்குக் கடனை அடைத்துவிட்டுப் போகும் விடுதலை வேண்டாம். தமக்கு உரிமையான விடுதலைதான் வேண்டும். நான் ஜூடியின் பக்கம். ஆனால் அதற்காகப் பள்ளியை மறந்துவிடவும் எனக்கு மனமில்லை.

1846இல் மீச்சம் ஒரு சிறு நூல் வெளியிட்டார். தம் இன மக்கள் ஒற்றுமையாக இருந்து, பிள்ளைகளுக்கு எழுத்தையும் கைத்தொழிலையும் சேர்த்துக் கற்பிக்கும் பள்ளிகளை அமைக்கவேண்டும் என்பதே அதன் கோரிக்கை. அடுத்த ஆண்டே அந்தச் சட்டம் வந்தது. பள்ளியைத் தடுத்ததோடு அது நிற்கவில்லை. கறுப்பினப் போதகர் வழிபாடு நடத்தினால் அரசு அதிகாரி ஒருவர் அங்கே இருக்கவேண்டும் என்றும் சொன்னது. நிலவறைப் பள்ளிக்குக் கதவு சாத்தப்பட்டது.

செயின்ட் லூயிஸ் மிசிசிப்பி ஆற்றங்கரையில் இருக்கிறது. அக்கரை இல்லினாய் மாநிலம். நடுவில் ஓடும் ஆறு மத்திய அரசின் அதிகாரத்துக்கு உட்பட்டது. நீராவிப் படகுத் தொழிலும் அறிந்திருந்த மீச்சம், ஒரு படகில் மேசை, நாற்காலி, புத்தகங்கள் எல்லாம் ஏற்றி ஆற்றின் நடுவே நிறுத்தினாராம். பிள்ளைகள் சிறு தோணிகளில் காலையில் போய் மாலையில் திரும்புவார்களாம். கரையில் குற்றமான பாடம் தண்ணீரில் குற்றமில்லை! மிதக்கும் விடுதலைப் பள்ளி என்று இன்று அதைச் சொல்கிறார்கள்.

ஆம், ‘நிறுத்தினாராம்’ என்றுதான் எழுதியிருக்கிறேன். படகுப் பள்ளியைப் பற்றி அந்தக் காலத்திலேயே எழுதி வைக்கப்பட்ட சான்றுகள் அரிது என்று ஆய்வாளர்கள் சிலர் சுட்டிக்காட்டுகிறார்கள். கதை பெரும்பாலும் அந்தச் சமூகத்தின் நினைவில்தான் வந்திருக்கிறது. நியாயமான ஐயம்தான். ஆனால் வருகைப் பதிவேடு வைத்திருந்தால் அதுவே ஷெரிப்பின் கையில் சாட்சியாகியிருக்கும். ஒளிந்து நடந்த பள்ளியிடம் தாளையும் மையையும் கேட்பது கொஞ்சம் கடுமையான தேர்வு என்றே நினைக்கிறேன்.

1854 பிப்ரவரியில் பிரசங்க மேடையில் நின்றுகொண்டிருந்தபோதே மீச்சம் உயிர் பிரிந்தது. அடுத்த ஆண்டு மே மாதம், அடிமைகள் சிலர் இரவோடு இரவாக ஆற்றைக் கடந்து இல்லினாய்க்குத் தப்ப முயன்றபோது, உதவியதாகக் கைதானவர்களில் மேரி மீச்சமும் ஒருவர். கணவர் காசு கொடுத்து மீட்ட அதே மேரிதான். அந்த ஆற்றங்கரை இடம் இன்று அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது.

மீச்சத்தின் பள்ளியில் எழுத்துக் கற்றவர்களில் ஜேம்ஸ் மில்டன் டர்னர் என்ற சிறுவனும் உண்டு. அடிமையாகப் பிறந்து, குழந்தையாக இருந்தபோதே விடுதலை பெற்றவர். உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைமுறை ஒழிந்ததும், மிசூரி முழுவதும் சுற்றிக் கறுப்பினப் பிள்ளைகளுக்குப் பள்ளிகள் திறக்கப் பாடுபட்டார். 1871இல் லைபீரியாவுக்கு அமெரிக்கத் தூதராக அனுப்பப்பட்டார். கறுப்பினப் படைவீரர்கள் தங்கள் சம்பளத்திலிருந்து பணம் போட்டு 1866இல் ஜெபர்சன் சிட்டியில் தொடங்கிய லிங்கன் கல்வி நிலையத்துக்கும் அவர் ஆதரவு திரட்டினார். எழுத்தைத் தடைசெய்த மாநிலத்தின் தலைநகரில், அது இன்றும் லிங்கன் பல்கலைக்கழகமாக இயங்குகிறது.