வாளி தூக்கி ஓடிய அச்சுக்காரர்



பெஞ்சமின் பிராங்க்ளின் என்ற பெயரை உங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடப் புத்தகத்தில் படித்திருப்பார்கள். இடிமழையில் பட்டம் விட்டு மின்னலைச் சோதித்தவர் என்பார்கள். அமெரிக்க ஐக்கிய நாட்டை அமைத்த பெரியோருள் ஒருவர் என்றும் சொல்லுவார்கள். இரண்டும் மெய்யே. ஆனால் இந்த வாரம் நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது அவருடைய வேறொரு காரியம். வீடு தீப்பற்றினால் வாளியோடு ஓடி வருவோம் என்று அயலார் இருபது பேரை ஒரு காகிதத்தில் கையெழுத்திட வைத்தார். அந்தக் காகிதத்தோடு வளர்ந்த வழக்கம் அந்நாட்டுச் சிற்றூர்களில் இன்றும் உயிரோடிருக்கிறது.

அவர் பிறந்தது 1706-ம் ஆண்டு ஜனவரி 17-ந் தேதி, பாஸ்டன் பட்டணத்தில். தகப்பனார் ஜோசையா இங்கிலாந்திலிருந்து குடியேறியவர். மெழுகுவர்த்தியும் சவுக்காரமும் செய்து விற்றுப் பிழைத்தவர். அவருக்குப் பதினேழு பிள்ளைகள். ஆண்களில் கடைக்குட்டி நம் பெஞ்சமின். பள்ளிக்கூடம் போனது இரண்டே வருஷம். பத்து வயதில் தகப்பனார் அவனைத் தொழிலுக்கு இழுத்துக்கொண்டார். திரி நறுக்குவதும், உருக்கிய கொழுப்பை அச்சில் வார்ப்பதும் வேலை. பையனுக்கு அது பிடிக்கவில்லை. பன்னிரண்டு வயதில் அண்ணன் ஜேம்ஸின் அச்சுக்கூடத்தில் தொழில் பயிலச் சேர்த்தார்கள். அண்ணன் கைநீட்டி அடிக்கிறவன். ஐந்து வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு, 1723-ல் ஒருவருக்கும் சொல்லாமல் கப்பலேறி ஓடிவிட்டான்.

போய்ச் சேர்ந்த ஊர் பிலடெல்பியா. வில்லியம் பென் என்பவர் 1682-ல் நிறுவிய பட்டணம். அப்பெயருக்குச் சகோதர அன்பு என்று பொருள். காட்சியாகமத்தில் வரும் ஏழு சபைகளுள் ஒன்றுக்கும் இதே பெயர் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். கசங்கிய உடையோடு இறங்கிய பதினேழு வயதுப் பையன், மூன்று பென்னிக்குப் பெரிய ரொட்டி மூன்று வாங்கினான். ஒன்றைத் தின்றுகொண்டே தெருவில் நடந்தான். மற்ற இரண்டையும், தன்னோடு படகில் வந்த ஓர் ஏழைத் தாய்க்கும் அவள் குழந்தைக்கும் கொடுத்தான். பிறகு கூட்டத்தோடு கூட்டமாகக் குவேக்கர் சபையாரின் ஜெபக்கூடத்துக்குள் போய் உட்கார்ந்தான். அங்கே பிரசங்கம் கிடையாது; ஆவியின் ஏவுதல் வரும்வரை மவுனமாக இருப்பார்கள். பையன் நன்றாகத் தூங்கிவிட்டான். கூட்டம் முடிந்ததும் ஒருவர் அன்போடு தட்டி எழுப்பினாராம். பிரசங்கம் நடக்கும்போதே தூங்குகிறவர்களை நான் அறிவேன்; ஆகையால் அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

இடையில் இரண்டு வருஷம் லண்டனில் வேலை செய்து திரும்பினார். 1727-ல் தம்மைப் போன்ற தொழிலாளரையும் கடைக்காரரையும் சேர்த்துச் சிறு கழகம் ஒன்று கூட்டினார். வெள்ளிக்கிழமை மாலைகளில் கூடி, ஊருக்கு என்ன குறை, அதை எப்படித் தீர்ப்பது என்று பேசுவார்கள். 1729-ல் ஒரு பத்திரிகையை விலைக்கு வாங்கி நடத்தினார். 1731-ல் சந்தா கட்டிப் புத்தகம் படிக்கும் நூல் நிலையம் ஏற்பட்டது. இதையெல்லாம் வேகமாகச் சொல்லிக்கொண்டு போகிறேன். நம் விஷயம் தீ.

அக்காலத்துப் பட்டணத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். குளிருக்காக அறைதோறும் கணப்பில் விறகு எரியும். கூரையில் மரச் சில்லுகள். சுத்தம் செய்யாத புகைபோக்கியிலிருந்து ஒரு பொறி பறந்தால் போதும். 1730-ல் ஆற்றங்கரைப் படகுத்துறை ஒன்றில் தீப்பிடித்தது. அங்கிருந்த சரக்குக் கிடங்குகள் எரிந்தன. தீ தெருவைத் தாண்டி வீடுகளையும் பிடித்தது. அன்று காற்று அதிகம் இல்லாதபடியால் ஊர் தப்பியது. நல்ல தண்ணீர் இயந்திரமும் மற்றக் கருவிகளும் இருந்திருந்தால் இவ்வளவு பரவியிராது என்று பிராங்க்ளினின் பத்திரிகை எழுதிற்று.

1735 பிப்ரவரியில் அதே பத்திரிகையில் ஒரு கடிதம் வந்தது. வயது முதிர்ந்த ஊரார் ஒருவர் எழுதியது போலிருந்தது. உண்மையில் எழுதியவர் இருபத்தொன்பது வயதுப் பிராங்க்ளினே. வேலைக்காரர்கள் தணலை மூடாத கரண்டியில் அள்ளி ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்குக் கொண்டுபோகிறார்களே, மாடிப்படியின் இடுக்கில் ஒரு துண்டு விழுந்தால் நள்ளிரவில் ஜன்னல் வழியாய்க் குதிக்க வேண்டி வருமே என்று எச்சரித்தார். மூடியுள்ள சட்டியில்தான் கொண்டுபோக வேண்டும் என்றார். புகைபோக்கி துடைப்பவருக்கு நகரத் தலைவர் அனுமதிச் சீட்டு கொடுக்க வேண்டும். துடைத்த சில நாளில் அது தீப்பற்றினால் துடைத்தவனே அபராதம் கட்ட வேண்டும் என்பது மற்றொரு யோசனை. வந்தபின் வைத்தியம் பார்ப்பதைவிட வருமுன் காப்பது மேல் என்று அவர் எழுதிய வாக்கியத்தை இன்று வைத்தியர்கள் எடுத்தாளுகிறார்கள். அவர் அதை எழுதியது நோயைக் குறித்தல்ல, தீயைக் குறித்து.

கடிதம் எழுதி ஓய்ந்துவிடவில்லை. 1736 டிசம்பர் 7-ந் தேதி யூனியன் தீயணைப்புச் சங்கம் ஏற்பட்டது. பாஸ்டனில் இத்தகைய சங்கம் முன்னமே உண்டு. அதைப் பார்த்தே இவர் செய்தார். ஆனால் அந்த விதிகளை வாசிக்கும்போது, மனிதருடைய பலவீனத்தை நன்றாக அறிந்த ஒருவர் எழுதியவை என்று தெரிகிறது. ஒவ்வொருவரும் சொந்தச் செலவில் தோல் வாளிகளும், முரட்டுத் துணியில் தைத்து வாய்க்குச் சுருக்குக் கயிறு கோத்த பைகளும் வைத்திருக்க வேண்டும். அவற்றில் தம் பெயரின் முதலெழுத்தைப் பொறிக்க வேண்டும். வேறு எதற்கும் எடுக்கக் கூடாது. வாளி குறைந்தால் ஒன்றுக்கு ஐந்து ஷில்லிங் அபராதம். மாதக் கடைசித் திங்கட்கிழமை மாலைக் கூட்டத்துக்கு வராவிட்டால் ஒரு ஷில்லிங்.

பை எதற்கு என்று கேட்பீர்கள். எரியும் வீட்டிலுள்ள சாமான்களைப் போட்டு வெளியே கொண்டுவருவதற்கு. தீப்பிடித்த வீட்டில் உதவிக்கு வருகிறவனோடு திருடனும் நுழைவான் அல்லவா? ஆகவே அங்கத்தினரில் இருவர் வாசலை விட்டு அகலாமல் காவல் நிற்க வேண்டும். மீட்ட பொருள் சொந்தக்காரர் கைக்குப் போகும்வரை ஒருவராவது அதன் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று விதித்தார்கள்.

என் மனதை மிகவும் தொட்டது இறுதிப் பகுதியிலுள்ள விதி. அங்கத்தினர் ஒருவர் இறந்துபோனால், அவருடைய விதவைக்கு ஆபத்து வரும்போது, கணவர் உயிரோடிருந்தால் எப்படி ஓடுவார்களோ அப்படியே மற்றவர்கள் ஓட வேண்டும். அவள் அந்த வாளிகளையும் பைகளையும் மட்டும் பத்திரமாக வைத்திருந்தால் போதும். அவளுடைய பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. ஆனாலும் அவள் கைவிடப்படவில்லை.

தீயணைப்பது எப்படி? கிணற்றிலிருந்தோ ஆற்றிலிருந்தோ எரியும் வீடுவரை ஜனங்கள் இரு வரிசையாக நிற்பார்கள். ஒரு வரிசையில் நிறைந்த வாளி கைமாறிக் கைமாறி முன்னே போகும். மறு வரிசையில் காலி வாளி திரும்பி வரும். கையால் அடிக்கும் பம்பு வண்டி இருந்தால் அதன் தொட்டியில் அந்தத் தண்ணீரை ஊற்றுவார்கள். வரிசையில் ஓரிடம் காலியானால் அடுத்தவன் இருமடங்கு ஓட வேண்டும். வராதவன் இல்லாமை அங்கே உடனே தெரிந்துவிடும்.

சங்கத்தில் ஒரே சமயத்தில் இருபத்தைந்து பேருக்கு மேல் கூடாது என்பது முதல் ஏற்பாடு. இன்னும் பலர் சேரக் கேட்டபோது, நீங்களே வேறு சங்கம் ஏற்படுத்துங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். 1738-ல் ஒன்று, 1742-ல் இன்னொன்று என்று பெருகின. கூட்டத்துக்கு வராதவர்கள் கட்டிய அபராதப் பணத்தைக் கொண்டே பம்பு வண்டியும் ஏணியும் நீண்ட கொக்கிகளும் வாங்கினார்களாம். சோம்பேறிகளின் காசு ஊருக்கு உபயோகமாயிற்று! ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: இந்தச் சங்கங்களில் இருந்தவர்கள் பெரும்பாலும் சொத்துள்ள ஆண்மக்களே. வாளி வாங்க வகையில்லாதவன் பெயர் அந்தக் காகிதத்தில் ஏறவில்லை.

1752-ல் அவரும் நண்பர்களும் வீடுகளுக்குத் தீ இன்ஷூரன்ஸ் சங்கம் ஒன்றை ஏற்படுத்தினார்கள். அது இன்றும் நடக்கிறது. பட்டம் விட்ட கதையும் அதே வருஷம்தான். அதன் பலன் இடிதாங்கி. வானத்திலிருந்து விழும் தீயையும் வீட்டுக்கு வெளியே ஒரு கம்பியின் வழியாய் மண்ணுக்குள் இறக்கிவிடலாம் என்று காட்டினார். அதற்கு அவர் உரிமைப் பணம் கேட்கவில்லை.

இனிச் சொல்லப்போவது அவருக்குப் பெருமை தரும் காரியமல்ல. அவருடைய மனைவி டெபோரா. கடைப் பொறுப்பில் பாதியைச் சுமந்தவள். குடியேற்ற நாட்டின் காரியமாக அவர் 1757-ல் லண்டனுக்குப் போய் ஐந்து வருஷம் தங்கினார். 1764-ல் மறுபடியும் போனார். அவள் கடல் பயணத்துக்கு அஞ்சி உடன் போகவில்லை. 1765-ல் இங்கிலாந்து அரசாங்கம் முத்திரைத்தாள் வரி விதித்தபோது, பிராங்க்ளினும் அதற்கு உடந்தை என்று ஊரில் வதந்தி பரவிற்று. அவருடைய புது வீட்டை இடித்துத் தள்ளுவதாக ஒரு கூட்டம் மிரட்டியது. டெபோரா மகளை வேறு ஊருக்கு அனுப்பிவிட்டாள். தான் மட்டும் வீட்டை விட்டு அசைய மாட்டேன் என்று, துப்பாக்கியோடு மாடியில் உட்கார்ந்தாள். அவளுடைய சகோதரனும் உறவினரும் துணைக்கு வந்தார்கள். பிராங்க்ளினிடம் அபிமானமுள்ள தச்சர்களும் மற்றத் தொழிலாளரும் நூற்றுக்கணக்கில் ஊரைக் காத்தார்கள். அன்றிரவு வீடு தப்பியது.

அதன்பின் ஒன்பது வருஷத்துக்கு மேல் அவள் வாழ்ந்தாள். நோயுற்று, வரும்படி கடிதம் எழுதினாள். அவர் வரவில்லை. 1774 டிசம்பரில் அவள் இறந்தபோதும் அவர் லண்டனிலேயே இருந்தார். விதவைகளுக்கு அவ்வளவு நல்ல விதி எழுதிய கை, தன் மனைவியைக் கணவன் இருக்கும்போதே விதவை போல் விட்டுவைத்தது. ராஜாங்க வேலை பெரிது என்பார்கள். எனக்குச் சமாதானமாகவில்லை. அவர் அடிமைகளை வைத்திருந்தார் என்பதும் உண்மை. முதுமையில் மனம் மாறி, 1787-ல் அடிமை முறையை ஒழிக்கும் சங்கத்துக்குத் தலைவரானார்.

அவர் கத்தோலிக்கர் அல்லர். ஆயினும் 1776-ல் கனடாவுக்குத் தூது போனபோது கூடச் சென்ற ஜான் கரோல் சுவாமியார், திரும்பும் வழியில் நோயுற்ற அவரைப் பராமரித்தார். அந்நாட்டின் முதல் மேற்றிராணியாராகப் பிறகு ஏற்படுத்தப்பட்டவர் இந்தச் சுவாமியாரே. பாரீசில் பாப்பரசரின் தூதர் 1784-ல் ஆலோசனை கேட்டபோது அவரைச் சிபாரிசு செய்தவர்களில் பிராங்க்ளினும் ஒருவர்.

1785-ல், எழுபத்தொன்பது வயதில், பிரான்சிலிருந்து வீடு திரும்பினார். வீட்டு இடிதாங்கியின் செப்பு முனை ஏறக்குறைய முழுவதும் உருகிப் போயிருந்ததைக் கண்டார். அவர் தூரதேசத்தில் இருந்த வருஷங்களில் வீட்டின்மேல் இடி விழுந்திருந்தது. வீட்டுக்கு ஒரு சேதமும் இல்லை. மூன்று வருஷம் கழித்துத் தம் வரலாற்றை எழுதுகையில், யூனியன் சங்கம் ஐம்பது வருஷத்துக்குப் பின்னும் நடப்பதையும், முதலில் சேர்ந்தவர்களில் தாமும் தம்மைவிட ஒரு வயது மூத்த இன்னொருவருமே மீதி என்பதையும் குறித்தார். சங்கங்கள் ஏற்பட்ட பிறகு அவ்வூரில் ஒரு தீயில் ஒன்றிரண்டு வீட்டுக்கு மேல் எரிந்ததில்லையாம். 1790 ஏப்ரல் 17-ந் தேதி, எண்பத்து நான்காம் வயதில் இறந்தார்.

சங்கங்களுடைய பிற்காலக் கதை அவ்வளவு அழகாயில்லை. அடுத்த நூற்றாண்டில் பிலடெல்பியாவின் சங்கங்கள் ஒன்றோடொன்று போட்டியிட்டு, எரியும் வீட்டின் முன்னாலேயே கைகலந்தன. பொறுத்துப் பார்த்த நகரம் 1871-ல் சம்பளப் படையை வைத்தது. மற்றப் பெரிய நகரங்களிலும் அப்படியே ஆயிற்று. சிற்றூர்களில் மாத்திரம் பழைய வழக்கம் நின்றது. பென்சில்வேனியாவில் கார்லைல் என்னும் ஊரில் 1789-ல் தொடங்கிய யூனியன் சங்கம் இன்றும் இருக்கிறது. இத்தகைய ஊர்களில் சங்கு ஊதினால் கடைக்காரர் கடையை விட்டும், மெக்கானிக் பட்டறையை விட்டும் ஓடி வண்டியேறுவார். வண்டி வாங்கவும் பராமரிக்கவும் வேண்டிய பணத்துக்காகச் சங்கக் கூடத்தில் ஊர் விருந்து நடக்கும். தபசு கால வெள்ளிக்கிழமைகளில் மீன் பொரித்து விற்கும் இடங்களும் உண்டு. கலியாணமும் அங்கேதான், தேர்தல் ஓட்டும் அங்கேதான்.

அந்த மாநிலத்தில் 1970-களில் ஏறக்குறைய 3,00,000 தொண்டர்கள் இருந்தார்கள். 2018-ல் அரசாங்கக் குழு ஒன்று கணக்குப் பார்த்தபோது சுமார் 38,000 பேரே இருந்தார்கள். இளைஞர்கள் வேலைக்காகத் தூரத்து நகரங்களுக்குப் போய்விடுகிறார்கள். பகல் வேளையில் சங்கு ஊதினால், சில ஊர்களில் வண்டியேற வருகிறவர்கள் தலை நரைத்தவர்கள்.