மண்ணின் தந்தை பிர்சா முண்டா

அடியாத மாடு படியாது என்று நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்வதுண்டு. மாட்டுக்கு அது எவ்வளவு தூரம் பொருந்துமோ நாம் அறியோம். ஆனால் ஒரு பிள்ளையின்மீது விழும் அடியும், பசியும், அவமானச் சொல்லும் அந்தப் பிள்ளையோடு நின்றுவிடுவதில்லை. அவை ஒரு குலத்தையே பல தலைமுறைகளுக்குத் தொடர்ந்து வருகின்றன. இவ்வுண்மையை நமக்குக் காட்டும் வாழ்க்கை ஒன்று உண்டு. இருபத்தைந்து வயது நிறையுமுன்பே சிறையில் மாண்ட பழங்குடித் தலைவர் பிர்சா முண்டாவின் வாழ்க்கையே அது.

இன்றைய ஜார்க்கண்ட் மாநிலத்தில், ராஞ்சிக்குத் தெற்கே மலையும் காடும் சூழ்ந்த உலிஹாத்து என்னும் சிற்றூரில், 1875ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாள் பிர்சா பிறந்தார். தந்தை சுகனா முண்டா, தாய் கர்மி. முண்டா மக்கள் காட்டைத் திருத்தி வயலாக்கியவர்கள். திருத்திய குடும்பத்தார் அனைவருக்கும் அந்நிலம் பொதுவாக இருந்தது. ஆனால் வெளியிலிருந்து வந்த ஜமீன்தார்களும் வட்டிக்குக் கொடுப்போரும் ஆங்கில ஆட்சியின் சட்டங்களைத் துணைக்கொண்டு அந்நிலங்களைச் சிறிது சிறிதாகக் கைப்பற்றினர். சொந்த மண்ணிலேயே முண்டாக்கள் கூலியில்லாத வேலைக்காரர் ஆயினர்.

சுகனாவின் குடும்பமும் பிழைப்புத் தேடி ஊர் ஊராக அலைந்தது. வறுமை காரணமாகச் சிறுவன் பிர்சா பெற்றோரைப் பிரிந்து தாய்மாமனின் ஊரில் வளர நேர்ந்தது. ஆடு மேய்த்தான், புல்லாங்குழல் ஊதினான். சல்கா என்னும் ஊர்ப் பள்ளியில் எழுத்துக் கற்றான். பிறகு அவன்மேல் அன்பு கொண்டிருந்த சின்னம்மா திருமணமாகிச் சென்றபோது அவனையும் தன் புகுந்த வீட்டுக்கு அழைத்துச் சென்றாள். அங்கே ஏதோ நினைவில் ஆழ்ந்திருந்த சிறுவன், தன் பொறுப்பிலிருந்த ஆடுகளைப் பிறர் பயிரில் மேயவிட்டுவிட்டான். வயலுக்குரியவர் அவனை அடித்தார். அந்த ஊரை விட்டே வெளியேறித் தன் அண்ணனிடம் போய்ச் சேர்ந்தான் சிறுவன்.

கல்வி மீது அவனுக்கிருந்த ஆசை மட்டும் தீரவில்லை. குடும்பத்தினர் கிறிஸ்தவ மறையைத் தழுவியிருந்தனர். பிர்சாவும் ஜெர்மன் லூத்தரன் மிஷன் பள்ளியில் பயின்று, 1886இல் சாய்பாசா நகரிலிருந்த அம்மிஷனின் பெரிய பள்ளியில் சேர்ந்தான். சுமார் நான்கு ஆண்டுகள் அங்கே கழிந்தன. அப்பள்ளி அவனுக்கு எழுத்தறிவைத் தந்தது, உலகத்தைக் காட்டியது. இதை நாம் நன்றியோடு சொல்லவேண்டும். ஆனால் அதே காலத்தில், இழந்த நிலத்தை மீட்கப் போராடிய முண்டாப் பெரியவர்களுக்கும் மிஷனுக்கும் மனக்கசப்பு மூண்டது. அப்பெரியவர்கள் ஏமாற்றுக்காரர்கள் என்று மிஷனைச் சேர்ந்தோர் பழித்தனர். தன் மக்களைப் பழித்ததைப் பொறுக்கமாட்டாமல் பிர்சா எழுந்து எதிர்த்துப் பேசினான். அதன் பயனாகப் பள்ளியினின்றும் வெளியேற்றப்பட்டான். படிப்பு வேண்டுமானால் தன் மக்களை இகழ்வதைக் கேட்டு வாய்மூடி இருக்கவேண்டும் என்னும் நிலை, ஒரு பதின்மூன்று பதினான்கு வயதுப் பிள்ளைக்கு எத்தனை கொடியது! எங்கள் வயதையும் எட்டாத பிள்ளை அல்லவா அவன்!

1890இல் குடும்பமே அம்மிஷனை விட்டு விலகியது. அடுத்து வந்த ஆண்டுகளில் காடுகளும் அரசின் வசமாயின. விறகெடுக்கவும் மாடு மேய்க்கவும் இருந்த பழைய உரிமைகள் பறிபோயின. 1895இல் பிர்சா தம் மக்களுக்குப் போதிக்கத் தொடங்கினார். ஒரே கடவுளை வணங்குங்கள், மதுவை விடுங்கள், தூய்மையாக வாழுங்கள் என்று ஊர்தோறும் கூறினார். நோயாளிகளைத் தேற்றினார். மக்கள் அவரைத் தர்த்தி ஆபா, அதாவது மண்ணின் தந்தை என்று அழைத்தனர். கூட்டம் பெருகுவதைக் கண்டு அஞ்சிய அரசு, அதே ஆண்டு ஆகஸ்டில் அவரைக் கைது செய்து இரண்டு ஆண்டுகள் கடுங்காவலில் வைத்தது.

விடுதலையான பின் அவர் நடத்திய பெரும் கிளர்ச்சிக்கு உல்குலான் என்று பெயர். 1899ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்தின நாள் அது வெடித்தது. காவல் நிலையங்கள் மட்டுமல்ல, மிஷன் இல்லங்களும் ஆலயங்களும் அம்புகளுக்கு இலக்காயின. 1900 ஜனவரி 9ஆம் நாள் சைல் ரகாப் குன்றில் கூடியிருந்த முண்டாக்கள்மீது அரசுப் படை சுட்டது. பெண்களும் குழந்தைகளும்கூட மாண்டனர். பிப்ரவரியில் பிர்சா பிடிபட்டார். ஜூன் 9ஆம் நாள் ராஞ்சிச் சிறையில் உயிர் நீத்தார். காலராவே காரணம் என்று அரசு அறிவித்தது.

அந்தப் புனித இரவில் ஆலயங்கள்மேல் அம்பு பாய்ந்ததை நாம் சரியென்று கூறமாட்டோம். ஆயினும் அந்த அம்பு எங்கே கூர் தீட்டப்பட்டது என்று எண்ணிப் பார்க்கவேண்டும். பறிபோன நிலத்தில் ஒரு பாதி என்றால், அவமானப்பட்ட வகுப்பறையில் மறுபாதி என்றே எங்களுக்குத் தோன்றுகிறது.

அம்பு பாய்ந்த இடங்களுள் சர்வாதா கத்தோலிக்க மிஷனும் ஒன்று. அங்கே பணியாற்றியவர் இயேசு சபைக் குரு ஜான் ஹாஃப்மன். அவர் அம்மக்களை வெறுக்கவில்லை. அவர்கள் மொழியை ஆழ்ந்து கற்றார். அதன் சொற்களையும் வழக்கங்களையும் பெருந்தொகுதிகளாகத் தொகுக்கப் பாடுபட்டார். பழங்குடியினர் நிலம் பிறர் கைக்குப் போகாமல் தடுக்கும் சோட்டா நாக்பூர் குத்தகைச் சட்டம் 1908இல் வந்தபோது, முண்டாக்களின் நில உரிமை பற்றிய பகுதிக்கு அவருடைய அறிவு பெரிதும் உதவிற்று. பிர்சா உயிரைக் கொடுத்துக் கேட்டதில் ஒரு பங்கு இவ்வாறு கிடைத்தது.

பள்ளியினால் வரும் இத்தகைய காயம் பிற நாடுகளிலும் உண்டு. கனடா நாட்டில் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக, ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான பழங்குடிக் குழந்தைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு விடுதிப் பள்ளிகளில் அடைக்கப்பட்டனர். தாய்மொழி பேசியதற்காக அடி வாங்கினர். பலர் வீடு திரும்பாமலே மாண்டனர். திரும்பியவர்களோ தாயின் அரவணைப்பை அறியாமல் வளர்ந்தவர்கள்; தம் பிள்ளைகளை எப்படி அரவணைப்பது என்று தெரியாமல் திகைத்தனர். குடியும் மனத்துயரும் பேரப்பிள்ளைகள் வரை நீண்டன. அப்பள்ளிகளில் பலவற்றைத் திருச்சபையின் துறவற சபைகளே நடத்தின. 2022 ஜூலையில் திருத்தந்தை பிரான்சிஸ் அந்நாட்டுக்கே சென்று, அம்மக்கள் முன்னிலையில் மன்னிப்பு வேண்டினார். தவறிழைத்தவர் பெரியவராயினும் மன்னிப்புக் கேட்பது சிறுமையன்று என்பதை அன்று உலகம் கண்டது.

தோழியரே, பிர்சா பிறந்த நவம்பர் 15ஆம் நாளிலேயே 2000இல் ஜார்க்கண்ட் மாநிலம் உருவானது. 2021 முதல் அந்நாளைப் பழங்குடியினர் பெருமை நாளாக நாடு கொண்டாடுகிறது. விழா எடுப்பது நன்று. ஆனால் நம் கொட்டச்சேட்டுக்கு அது போதுமா? நம் சேர்வராயன் மலையின் மூத்த குடிகள் மலையாளி மக்கள். சாமையும் கேழ்வரகும் விளைந்த சரிவுகளில் காப்பித் தோட்டங்கள் எழுந்ததைக் கண்டவர்கள் அவர்கள். அவர்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கு வரும் சிறுமி மலைப்பாதையில் நெடுந்தூரம் நடந்து வருகிறாள். அவள் பேச்சைக் கேட்டு ஒருவர் சிரித்தால், அவள் தந்தையின் தொழிலை ஒருவர் இகழ்ந்தால், அவள் நாளை பள்ளிக்கு வராமலே போகலாம். அவள் மகளும் வராமல் போகலாம். மாறாக, பெஞ்சில் சற்று நகர்ந்து அவளுக்கு இடம் கொடுத்து, அவள் ஊர்க் கதையைக் கேட்டால், அந்த நன்மையும் தலைமுறைகளுக்குத் தொடரும்.

குழந்தைகளைத் தம்மிடம் வரவிடச் சொன்னார் நம் ஆண்டவர். அவர்கள் தம் மொழியோடும் தம் பெருமையோடும் தலைநிமிர்ந்து வரும் பள்ளியாக நம் பள்ளி என்றும் விளங்க, நாம் அனைவரும் முயல்வோமாக!