வேண்டுதலா, விசுவாசமா?

ஞாயிறு திருப்பலியில் விசுவாசப் பிரமாணத்தை நாம் மனப்பாடமாகச் சொல்கிறோம். அதில் வரும் ஒரு சொல்லுக்காக ஒரு புனிதர் எடுத்த அக்கறையைச் சற்றுச் சிந்திப்போம்.

1506-இல் நவார் நாட்டில் பிறந்த புனித பிரான்சிஸ் சவேரியார், 1542-இல் கோவாவுக்கும் அங்கிருந்து முத்துக்குளித்துறைக்கும் வந்தார். தமிழ் அறியாத அவர், இரு மொழியும் தெரிந்தவர்களைக் கொண்டு செபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்தார். தெருத்தெருவாக மணியடித்துச் சிறுவர்களைக் கூட்டிக் கற்பித்தார்.

அந்தத் தமிழாக்கத்தில் ஒரு பிழை நேர்ந்தது. 'விசுவசிக்கிறேன்' என்று வரவேண்டிய இடத்தில் 'எனக்கு வேணும்' என்று இருந்தது. இதை அறிந்த சவேரியார், உடனுழைத்த மான்சிலாசுக்குக் கடிதம் எழுதித் திருத்தச் சொன்னார். 1552 டிசம்பர் 3-இல், சீனக் கரையை அடுத்த சான்சியான் தீவில் இறைவனடி சேர்ந்தார்.

அணைக்கட்டில் வாழும் நாமும் வேலை, கடன், பிள்ளைகளின் படிப்பு என்று வேண்டுதல்களோடுதான் ஆலயம் போகிறோம். கேட்பது தவறல்ல. கேட்டது கிடைக்காத நாளிலும் இறைவனைப் பற்றிக்கொள்வதே விசுவாசம். வரும் ஞாயிறு நம் வாய் 'நம்புகிறேன்' என்று சொல்லும்போது, நம் உள்ளம் என்ன சொல்கிறது?