இலாசா கண்ட அம்மையார்

யாத்திரை என்பது எல்லாச் சமயத்தார்க்கும் பொதுவாயதோர் வழக்கு. எருசலேமை நாடுவாரும், காசியை நாடுவாரும், மக்காவை நாடுவாரும் வழியின் வருத்தத்தைப் பொருட்படுத்துவதில்லை. திபேத்திய பௌத்தர்க்கு அத்தகைய திருநகரம், இமயத்திற்கு அப்பால் ஏறத்தாழ 12,000 அடி உயரத்தில் விளங்கும் இலாசா. அந்நியர்க்கு அடைக்கப்பட்டிருந்த அந்நகரினுள், ஐரோப்பியப் பெண்டிருள் முதன்முதலாகப் புகுந்த அலெக்சாண்டிரா டேவிட் நீல் அம்மையாரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்க உரைப்பாம்.

அம்மையார் 1868-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 24-ஆம் நாள், பாரிசு நகரையடுத்த சேன் மாண்டே என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் சீர்திருத்தச் சபை மரபினர்; தாயார் கத்தோலிக்கர். இளமையிலேயே கீழ்த்திசை நூல்களில் வேட்கை மிக்கவராய், பாரிசிலுள்ள கீமே பொருட்காட்சிச்சாலைக்கு அடிக்கடி சென்று பயின்று வந்தார். சீவனத்தின்பொருட்டு இசைநாடகப் பாடகியாகி, ஹனாய் முதலிய நகரங்களிற் பாடினார். 1904-இல் தூனிசு நகரில் பிலிப் நீல் என்னும் இருப்புப்பாதைப் பொறியாளரை மணந்தார். ஆயினும் இல்வாழ்க்கை அவர்தம் உள்ளத்தை நிறைத்திலது. 1911-இல், ஒன்றரை ஆண்டில் மீள்வதாகக் கணவர்க்குச் சொல்லிக் கப்பலேறினார். மீண்டதோ 14 ஆண்டு கழித்தே.

இலங்கை வழியாக அவர் முதலில் அடைந்தது நம் தமிழகமே. கோட்டூர்புரத்தின் ஓரமாக ஓடும் அடையாற்றை யாம் நாடோறும் காண்கின்றோம். அவ்வாறு கடலொடு கலக்குமிடத்தே, தென்கரையில், 1882 முதல் பிரம்மஞான சபையின் தலைமைநிலையம் உள்ளது. அம்மையார் அச்சபையில் முன்னரே சேர்ந்தவராதலின், அச்சோலையிற் சிலகாலம் தங்கினார். புதுச்சேரி சென்று அரவிந்தரையுங் கண்டார். நூலறிவால் மட்டும் அமைதியுறாத அவர் உள்ளம் வடக்கு நோக்கி விரைந்தது.

1912-இல் கலிம்போங்கில் பதின்மூன்றாம் தலாய் லாமாவைக் கண்டபோது, திபேத்திய மொழியைக் கற்குமாறு அவர் அறிவுறுத்தினார். அம்மையார் அதனைத் தலைமேற்கொண்டு, சிக்கிமில் இலாச்சேன் என்னுமிடத்துத் துறவியார் ஒருவர்க்கு மாணவியாகி, பனிமலைக் குகையொன்றில் உறைந்து மொழியும் தவமும் பயின்றார். அக்காலத்தே, 1914-இல், யோங்தேன் என்னும் சிக்கிமியச் சிறுவர் ஊழியராக அவரை வந்தடைந்தார். 1916-இல் அம்மையார் இசைவின்றித் திபேத்தின் ஷிகாட்சே நகர்க்குச் சென்று பஞ்சன் லாமாவைக் கண்டமையால், ஆங்கில அரசினர் அவரைச் சிக்கிமினின்று அகற்றினர். தடுக்கத் தடுக்க வேட்கை வளர்ந்தது. சப்பான், கொரியா, சீனம் என நெடுவழி சுற்றி, கும்பும் மடத்தில் ஏறத்தாழ மூன்று ஆண்டு தங்கிப் பயின்று காலம் பார்த்திருந்தார்.

1923-ஆம் ஆண்டின் இறுதிப் பகுதியில், யுன்னான் மாகாணத்துக் கத்தோலிக்க மிஷன் ஒன்றினின்று இருவரும் புறப்பட்டனர். யோங்தேன் ஏழை லாமாவாகவும், அம்மையார் அவருடைய முதிய தாயாகவும் கோலங்கொண்டனர். கூந்தலுக்குச் சீன மை; முகத்திற்குக் கரித்தூள்; கையில் பிச்சைப் பாத்திரம். அப்போது அம்மையார்க்கு வயது 55. பனிக்கணவாய்களைக் கடக்கையில் யோங்தேனின் கால் சுளுக்கியது, உணவும் ஒழிந்தது. செருப்புத் தைக்க வைத்திருந்த தோலைக் காய்ச்சிக் குடித்து உயிர் காத்தனர். நான்கு திங்கள் நடந்து, 1924 பிப்ரவரியில் இலாசா புகுந்தனர். புத்தாண்டு விழாவிற்குத் திரண்ட யாத்திரிகருள் இருவராய்ப் பொத்தல மாளிகையையும் கண்டு, இரண்டு திங்கள் அங்கு வாழ்ந்தனர்.

ஈண்டு ஓர் ஐயம் எழுகின்றது. பொய்க்கோலம் பூண்டு பிறர் திருநகரிற் புகுதல் முறையாகுமோ? 1892-இல் ஆனி டெய்லர் என்னும் கிறித்தவ ஊழியரும் மாற்றுடையிலேயே புறப்பட்டு, இலாசாவுக்குச் சில நாட் பயணத் தொலைவில் தடுக்கப்பட்டுத் திரும்பினார். ஒரு நாட்டார் தம் வாயிலை அடைத்தற்கு அச்சம் முதலாய காரணங்கள் உண்டு. அவற்றை எளியனவாக எண்ணுதல் தகாது. ஆயினும் அம்மையார் கவரவோ பழிக்கவோ சென்றிலர். அந்நாட்டு மொழியைக் கற்று, அந்நாட்டு ஏழையர் உண்பதை உண்டு, அவரோடு தரையில் உறங்கிச் சென்றார். கோலம் பொய்யேனும் உழைப்பு மெய் என்பதே எம் துணிபு.

மற்றொன்று நாம் மறத்தலாகாது. புகழெல்லாம் அம்மையார்க்கே உரியதாயிற்று. வீடுதோறும் குறி சொல்லி உணவு பெற்றவரும், ஐயுற்றோர்க்கு விடை கூறிக் காத்தவரும் யோங்தேனே. அயல் நாட்டில் வாழ்ந்து 1955-இல் அவர் மறைந்தார். பிரிவைப் பொறுத்துத் தூனிசிலிருந்து பொருளனுப்பிய கணவரும் 1941-இல் காலமானார். ஒருவர் ஏறும் மலையைப் பலர் தாங்குகின்றனர்.

அம்மையார் பயண வரலாற்றை 1927-இல் நூலாக வெளியிட்டு, பிரான்சு நாட்டுத் தீன் நகரில் வாழ்ந்தார். யோங்தேனைச் சட்டப்படி மகனாக ஏற்றார். நூறாம் வயதிலும் கடவுச்சீட்டைப் புதுப்பித்துக்கொண்ட அவர், 1969 செப்டம்பர் 8-இல் மறைந்தார். 1973-இல் இருவர்தம் சாம்பலும் காசியிற் கங்கையிற் சேர்க்கப்பட்டன. தாயென்றும் மகனென்றும் நடித்துச் சென்றவர் மெய்யாகவே தாயும் மகனுமாயினர். மாணவத் தோழர்காள், பிறர் நெஞ்சின் திருநகரை அறிய விழைவோமாயின், முதலில் அவர்தம் மொழியைக் கற்போமாக.