இராபர்ட் கால்டுவெல்

இராபர்ட் கால்டுவெல் (மே 7, 1814 – ஆகஸ்ட் 28, 1891) அயர்லாந்தில் பிறந்து, திருநெல்வேலிச் சீமையில் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் வாழ்ந்த கிறித்தவ ஆயரும் மொழியியலாளரும் ஆவார். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை (1856) இயற்றியவராகவே பெரிதும் அறியப்படுகிறார். தாமிரபரணிக் கழிமுகத்தில் மண்மூடிப்போன பழந்துறைமுகங்களைத் தோண்டிப் பார்த்த முன்னோடிகளுள் ஒருவர் என்பது அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை.

வாழ்க்கைச் சுருக்கம்

இசுக்காட்லாந்துப் பெற்றோருக்குப் பிறந்த இவர், கிளாசுகோ பல்கலைக்கழகத்தில் பயின்று 1838 சனவரியில் சென்னைக்கு வந்தார். 1841இல் அங்கிருந்து நீலகிரி வழியாகப் பெரும்பாலும் கால்நடையாகவே பயணம் செய்து இடையன்குடியை அடைந்தார். 1844இல் எலிசா மால்ட் என்பவரை மணந்தார். 1877இல் ஆயரானார். சாணார் சமூகத்தைப் பற்றி 1849இல் இவர் வெளியிட்ட நூல் அச்சமூகத்தாரிடையே கடும் எதிர்ப்பைக் கிளப்பியது. அந்த மனத்தாங்கல் நெடுங்காலம் நீடித்தது.

கொற்கை, காயல் ஆய்வுகள்

பாபநாசத்தில் மலையை விட்டுச் சமவெளிக்கு இறங்கும் தாமிரபரணி, தான் கொணரும் வண்டலால் கழிமுகத்தை மேடாக்கிக்கொண்டே வந்துள்ளது. முத்துக்குளிப்புக்குப் பெயர்பெற்ற பாண்டியர் துறைமுகமான கொற்கை, இதனால் கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே தள்ளிய சிற்றூராயிற்று. கிரேக்க நூல்கள் கொல்கை எனக் குறிப்பிடும் துறைமுகம் இதுவே என்று கால்டுவெல் நிறுவ முயன்றார். இங்கு அவர் தோண்டச் செய்த குழிகளில், வண்டலுக்கு அடியில் கடற்சிப்பிகள் கிடைத்தன. முதுமக்கள் தாழிகளும் வெளிப்பட்டன. கொற்கை தூர்ந்தபின் வணிகம் கடலை ஒட்டிய காயலுக்கு நகர்ந்தது என்பது அவர் முடிவு. பழையகாயலில் சிதறிக் கிடந்த சீனப் பீங்கான் ஓடுகளைக் கொண்டு, மார்க்கோ போலோ கண்ட காயல் அதுவே என்றார். அது காயல்பட்டினமே என்று கருதுவோரும் உளர். இவ்வாய்வுக் குறிப்புகள் 1877இல் இந்தியன் ஆன்டிகுவரி இதழில் வெளிவந்தன.

நாணயங்கள்

கொற்கையை அடுத்த அக்கசாலை என்னும் ஊரின் பெயர், காசு அடிக்கும் சாலையைக் குறிப்பது என்பதைக் கால்டுவெல் சுட்டிக்காட்டினார். திருநெல்வேலிப் பகுதியில் கிடைத்த அரபு எழுத்துப் பொறித்த பொற்காசுகளையும் காயலின் குதிரை வணிகத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். உலோகங்காட்டும் கருவிகள் இல்லாத அக்காலத்தில், ஏர்முனையில் அகப்பட்டவையும் மழைநீர் அரித்த மேடுகளில் தென்பட்டவையுமே பொதுவாகக் கைக்கு வந்தன. அவற்றுள் பொன்னாயிருந்தவை பல தட்டாரின் உலைக்கே சென்றன. 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையலை அரசுக்கு அறிவிக்கக் கட்டாயப்படுத்தியது. பாண்டியர் வரலாற்றுக்கு அதிகம் உதவக்கூடிய செப்புக்காசுகள் தனித்தனியே கிடைத்தபோது இவ்வரம்புக்குள் வரவில்லை. மறுபுறம், 1876இல் ஆதிச்சநல்லூரில் தோண்டிய செருமானியர் யாகோர் தமக்குக் கிடைத்தவற்றைப் பெர்லினுக்கு எடுத்துச் சென்றார்.

பிற்காலம்

சென்னை அரசாங்கம் 1881இல் வெளியிட்ட இவருடைய திருநெல்வேலி மாவட்ட வரலாறு, மேற்கூறிய ஆய்வுகளையும் உள்ளடக்கியது. கொடைக்கானலில் காலமான கால்டுவெல்லின் உடல், இடையன்குடியில் அவர் எழுப்பிய தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. 1968-69இல் தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை கொற்கையில் அகழாய்வு நடத்தியது. அங்குக் கிடைத்த மரக்கரியின் காலம் ஏறத்தாழ கி.மு. 8ஆம் நூற்றாண்டு எனக் கணிக்கப்பட்டது.